ஏழு தசம் மூன்று செக்கன்

திகனையில் பாயிஸின் வீட்டுக் கீழ்த்தட்டு ஒரு ஹார்ட்வெயார் கடை. வாப்பா தொடங்கிய கடை. வாப்பா மௌத்தான பிறகு தம்பி பார்க்கிறார். மேல்தட்டில் பாயிஸ், மனைவி ஜஹானா, மகள் ஸனா. ஆணியும் பெயின்ட்டும் வாங்க வருகிறவர்கள் சில வேளை மேலே கையைக் காட்டி, உங்கள் மூத்த நானா எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறாரே, என்ன தொழில் என்று கேட்பார்கள். தம்பியிடம் பதில் தயாராக இருக்கும். உலகம் முழுக்க ஓடுகிற ஒரு ப்ரோகிராமில் நானா எழுதின பகுதி இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் பேர் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்பார். படியில் இறங்கும்போது அந்தப் பேச்சு காதில் விழுந்தால், பாயிஸ் எதையோ மறந்தவர் போலத் திரும்பி மேலே ஏறிவிடுவார்.

அந்த ப்ரோகிராமின் பெயர் டோலைன். இருபது வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் இரண்டு மூன்று பேர் எழுதி, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று இலவசமாக விட்டது. அது செய்வது ஒரே வேலை. இணையத்தில் முன்வாசலில் நிற்கும் ஒரு சேர்வரிடம் ஆட்கள் கேட்பதை வாங்கி, பின்னால் இருந்து உண்மையான வேலையைச் செய்யும் இன்னொரு சேர்வரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். பதிலைத் திருப்பிக் கொண்டுவரும். நடுவில் நின்று இணைத்துவிடுகிற பொருள். வேலை செய்யும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிகளிலும் பஸ் டிக்கட் கம்பனிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ள உலகத்தில் ஐந்து பேர்தான் மிச்சம். அதில் ஒருவர் பாயிஸ்.

இரண்டாயிரத்து இருபத்து நாலாம் ஆண்டு, மூத்த பராமரிப்பாளர் தனக்கு வயதாகிவிட்டது என்று விலகினார். பொறுப்பு டென்மார்க்கில் இருந்த இங்கர் என்ற பெண்மணியிடம் வந்தது. அவர் மற்ற மூவரையும் கூப்பிட்டு, இப்படியே இழுத்துக்கொண்டு போக முடியாது, வருகிற ஐந்து வருடத்துக்கு ஒரு திட்டம் எழுதுவோம் என்றார். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றி எறிவது, எதைப் புதிதாக எழுதுவது. ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: இது ஏன் இப்படி இருக்கிறது, யாருக்கு இது தேவை, இனி என்ன செய்யலாம். ஒவ்வொரு பகுதியையும் எழுதியவரே பதில் எழுதுவதுதான் முறை என்று பிரித்துக் கொடுத்தார்.

இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி பாயிஸிடம் வந்தது. அதை எழுதியவர் அவர் என்றுதான் பதினொரு வருடமாக எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

எழுதியது அவரல்ல.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் பாயிஸ் கண்டி நகரில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த சிறிய மென்பொருள் கம்பனியில் வேலை செய்தார். ஒன்பது பேர். மனேஜர் அமலதாஸ்; எல்லோருக்கும் அமலதாஸ் சேர். அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் கஜலட்சுமி. ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து குண்டசாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பாயிஸைவிட ஏழு வயது இளையவர். ஆங்கிலம் பேசக் கூச்சப்படுவார். ஆனால் ஒரு கொம்பியூட்டர் ஏன் பிழை விடுகிறது என்று கண்டுபிடிப்பதில் அந்த ஒன்பது பேரில் அவருக்குப் பக்கத்தில்கூட யாரும் வர முடியாது. இது பாயிஸுக்கு அன்றைக்கே தெரியும்.

அந்த வருடம் பல்லேகலையில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு அவர்கள் போட்டுக் கொடுத்த சிஸ்டம் தகராறு பண்ணியது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்கள் அட்டையைக் காட்டினால் முதல் பத்துப் பதினைந்து பேருக்குத் திரை வெறுமையாக வந்தது. பதிவாகவில்லை என்றால் அரைநாள் லீவாக வெட்டிவிடுவார்கள். பாயிஸ் இரண்டு தரம் போய்ப் பார்த்து, நெட்வேர்க் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு கஜலட்சுமி போனார். ஒன்பது நாள் தொடர்ந்து மதிய நேரத்தில் அங்கேயே போய் இருந்தார்.

பிழை டோலைனில் இருந்தது. பின்னால் இருக்கும் சேர்வர் சற்று நேரம் அசையாமல் நின்றுவிட்டால்கூட டோலைனுக்கு அது தெரியாது. செத்துப்போன பழைய இணைப்பிலேயே கேள்வியைப் போட்டுவிடும். கஜலட்சுமி ஒரு திருத்தம் எழுதினார். கேள்வியை அனுப்ப முன், நீ இருக்கிறாயா என்று பின்னால் ஒரு சின்னக் குரல் கொடுக்கும். ஏழு தசம் மூன்று செக்கன் காத்திருக்கும். பதில் வராவிட்டால் அந்த இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்கும். அடுத்த நாளிலிருந்து தொழிற்சாலையில் ஒரு முறைப்பாடும் இல்லை.

இதை டோலைன்காரர்களுக்கும் அனுப்பினால் எல்லோருக்கும் உதவும் என்று கஜலட்சுமிதான் சொன்னார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பாயிஸ் நானா அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டு, ஃபைலைக் கொடுத்தார்.

பாயிஸ் அனுப்பினார். அனுப்பும் முன் ஃபைலைத் திறந்து பார்த்தார். அந்தக் காத்திருக்கும் நேரத்தைக் குறித்த வரிக்கு மேலே கஜலட்சுமி தன் கையால் நாலைந்து வரி விளக்கம் எழுதி, கடைசியில் தன் பெயரைப் போட்டிருந்தார். பாயிஸ் அந்த வரிகள் முழுவதையும் தெரிவு செய்து, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். ஒரு நிமிட வேலை. ஏன் செய்தார் என்று பிற்பாடு தன்னையே பல தடவை கேட்டிருக்கிறார். தான் இரண்டு தரம் போய்க் கண்டுபிடிக்காததை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது என்ற காந்தல் ஒன்று. தான்தான் சீனியர், அனுப்புவதும் தான்தான், ஆகவே கம்பனியின் சார்பில் தன் பெயர் போகலாம் என்று சொல்லிக்கொண்டது இன்னொன்று. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவருக்கு நிச்சயமில்லை.

இரண்டு மாதத்துக்குப் பிறகு டோலைனின் புதிய பதிப்பு வந்தது. அறிவிப்பில், இலங்கையின் கண்டியிலிருந்து பாயிஸுக்கு நன்றி என்று ஒரு வரி. அமலதாஸ் சேர் அதை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் குத்தி, கேக் வாங்கி வந்து வெட்டவைத்தார். கஜலட்சுமியும் கை தட்டினார். ஒரு துண்டு வாங்கி, தன் மேசைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று பின்னேரம் லிஃப்ட் பக்கத்தில் பாயிஸிடம் தன் பெயரும் வந்ததா என்று மட்டும் கேட்டார். சின்னத் திருத்தத்துக்கெல்லாம் அவர்கள் ஓராளின் பெயர்தான் போடுவார்கள் என்று பாயிஸ் சொன்னார். சரி நானா என்றார். அடுத்த வருடம் தகப்பனுக்குச் சுகமில்லை என்று வேலையை விட்டு ஊருக்குப் போனார்.

அந்த ஒரு வரி பாயிஸைத் தூக்கிவிட்டது. டோலைன் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக் கம்பனி வீட்டிலிருந்தே செய்யும் வேலை கொடுத்தது. பல்கலைக்கழகக் கம்பஸ்ஸுக்கு இரண்டு முறை பேசக் கூப்பிட்டார்கள். பிறகு அவர் டோலைனுக்கு உண்மையிலேயே நிறைய வேலை செய்தார். அவை எல்லாம் அவருடையவைதான். ஆனால் யாரும் அவற்றைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது அந்த ஏழு தசம் மூன்றைப் பற்றித்தான்.

ஏனென்றால் அது விசித்திரமான எண். ஐந்து அல்ல, பத்து அல்ல. பிரேசிலில் ஒருவர், இது ஏன் இவ்வளவு நீளம், எங்கள் ஆட்கள் திரைக்கு முன்னால் காத்துக்கிடக்கிறார்கள், இரண்டு செக்கனாகக் குறைக்கலாமே என்று எழுதுவார். நீண்ட பரிசோதனைக்குப் பிறகு எடுத்த எண், மாற்ற வேண்டாம் என்று பாயிஸ் பதில் போடுவார். இப்படி வருடத்துக்கு மூன்று நாலு தடவை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே உறுதியாகச் சொன்னார். பதினொரு வருடத்தில் அந்த எண்ணுக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஆழமான காரணம் இல்லாமல் பாயிஸ் இவ்வளவு பிடிவாதமாக நிற்கமாட்டார் என்று இங்கரே ஒரு முறை எழுதினார்.

இப்போது திட்டம் எழுதும்போது அதே இங்கர் அந்தக் காரணத்தைக் கேட்டார். ஒரு புதன்கிழமை பின்னேரம் நான்கு பேரும் திரையில் கூடியிருந்தபோது கேட்டார். புதிய பதிப்பில் காத்திருப்பு நேரத்தைக் குறைத்தால் யாருக்கு உடையும்? எந்தப் பரிசோதனை, எங்கே, எந்த இயந்திரத்தில்? இருந்தால் அந்தத் தாள்களைத் திட்டத்தோடு இணைத்துவிடலாம்.

பாயிஸ் தேடி எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

தேடினார். பழைய மின்னஞ்சல்கள், அலுமாரிக்குள் கிடந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், கண்டிக் கம்பனியில் வேலை செய்த காலத்துக் கொப்பிகள். மூல ஃபைல் எங்கும் இல்லை. தானே ஒரு பரிசோதனை செய்து அந்த எண்ணுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு காரணத்தை உண்டாக்கலாமா என்றுகூடப் பார்த்தார். மூன்று நாள் செலவழித்தார். நாலு செக்கன் வந்தது, பன்னிரண்டு வந்தது, ஏழு தசம் மூன்று வரவேயில்லை. மூன்றாம் நாள் மதியம், தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்கே விளங்கியது. களவெடுத்ததற்கு ஒரு ரசீது தயாரித்துக்கொண்டிருந்தார். லெப்டொப்பை மூடிவிட்டுக் குசினிக்குப் போனார்.

ஜஹானா இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார். பாயிஸ் கதவோரம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கத்தியைக் கீழே வைக்கவில்லை. வெட்டுவதை மட்டும் நிறுத்தினார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆக்களுக்கிட்ட சொன்னதெல்லாம்?" என்றார்.

ஜஹானா தன் உம்மாவிடம், சாச்சிமாரிடம், மகளின் ஸ்கூலில், பக்கத்து வீட்டில் சொன்னவற்றையெல்லாம் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு, அந்தப் பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டார். தெரியாது என்றார் பாயிஸ். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட விசாரிக்கவில்லையா என்று ஜஹானா கேட்டார். இல்லை. அதைச் சொல்லும்போதுதான் பாயிஸுக்கு முகம் சுட்டது.

அமலதாஸ் சேர் ஓய்வுபெற்று அம்பிட்டியவில் இருந்தார். அவரிடம் கஜலட்சுமியின் நம்பர் இருந்தது. வருடப்பிறப்புக்குக் கஜலட்சுமி வாழ்த்து அனுப்புவாராம். ஹுன்னஸ்கிரியவுக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கிறார் என்றும் சொன்னார். பாயிஸ் ஃபோன் எடுத்து, ஒரு விஷயமாக நேரில் வரலாமா என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமை ஸ்கூல் விட்ட பிறகு வாங்க என்று அந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் பதில் வந்தது.

மஹியங்கனை பஸ்ஸில் ஏறினார். தெல்தெனியா தாண்டிப் பஸ் மலையேறத் தொடங்கியதும், முதலில் மன்னிப்பு, பிறகுதான் எண் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டார். வசனங்களையும் சொல்லிப் பார்த்தார். ஹுன்னஸ்கிரியவில் இறங்கும்போது மழைத் தூறலும் குளிரும். த்ரீவீலரில் இன்னும் கொஞ்சத் தூரம்.

கொம்பியூட்டர் அறையில் கஜலட்சுமி மட்டும் இருந்தார். பதினொரு மெஷின்; நாலுக்கு உறை போட்டு ஒதுக்கி வைத்திருந்தது. சேலை, கண்ணாடி, காதோரம் கொஞ்சம் நரை. வாங்க நானா என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஜஹானாவையும் மகளையும் விசாரித்தார். பாயிஸ் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் சேர்த்த வசனங்களைத் தேடினார். வாயில் வந்தது வேறு.

"கஜா, அந்த ஏழு தசம் மூணு எங்கயிருந்து வந்திச்சி?"

தன் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்து, மறுபடியும் வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறான் என்று அந்தப் பெண் நினைக்கமாட்டாரா?

கஜலட்சுமி அவரைப் பார்த்தார். "அதுக்கு மேல எழுதியிருந்தேனே நானா. அத நீங்க வாசிக்கலையா?"

"வாசிக்கல்ல. அழிச்சிட்டேன்."

"ஏன்?"

"அதுல ஒங்கட பேர் இருந்திச்சி."

அறைக்கு வெளியே யாரோ மேசை இழுக்கும் சத்தம் கேட்டது. கஜலட்சுமி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் கரும்பலகையில் ஒரு கோடு கீறி, வகுப்பில் சொல்வதுபோல அதை விளக்கினார்.

தொழிற்சாலையில் இருந்த சேர்வர் பழைய மெஷின். நாளுக்கு இரண்டு மூன்று தடவை தன் நினைவகத்தைத் துப்புரவாக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் அசையாமல் நிற்கும். ஒன்பது நாளும் அவர் அந்த நிற்கும் நேரங்களைக் கொப்பியில் குறித்தார். மிகக் கூடியது ஏழு தசம் ஒன்று. அதோடு கொஞ்சம் கூட்டி ஏழு தசம் மூன்று என்று போட்டார். அவ்வளவுதான். இது இந்த மெஷினுக்கு மட்டும் உரிய எண், வேறு இடத்தில் பாவிப்பவர்கள் தங்கள் சேர்வரை அளந்து பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும் என்றுதான் அந்த நாலைந்து வரிகளில் எழுதியிருந்தார்.

பாயிஸ் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். அதன் மூச்சுக்கு அளவெடுத்த எண்ணை வைத்துக்கொண்டு பிரேசிலும் டென்மார்க்கும் பதினொரு வருடம் காத்திருந்திருக்கின்றன. மாற்றுங்கள் என்று எழுதியவருடைய வரியை அழித்துவிட்டு, மாற்றவேண்டாம் என்று பாயிஸ் உலகத்துக்கே உத்தரவு போட்டிருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் மன்னிப்புக் கேட்டார். சரியாக வரவில்லை. பாதியில் நின்றது.

கஜலட்சுமி, கேக் வெட்டிய அன்றைக்கே தனக்கு விளங்கிவிட்டது என்றார். அப்போது பெரிதாகத் தோன்றவில்லையாம். நானாதானே, போகட்டும் என்று விட்டாராம். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர் மாதிரி டஸ்டரை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார். தகப்பன் தவறிய பிறகு, இரண்டாயிரத்துப் பதினைந்தில், கொழும்பில் ஒரு கம்பனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறார். நீங்கள் செய்த வேலைகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். டோலைனில் இந்தப் பகுதி நான் எழுதியது என்று சொல்லியிருக்கிறார். அவர்களில் ஒருவர் அங்கேயே கொம்பியூட்டரில் தேடிப் பார்த்திருக்கிறார். பாயிஸின் பெயர் வந்திருக்கிறது.

"பொய் சொல்றீங்கன்னு யாரும் சொல்லல நானா. தண்ணி குடிங்கன்னு ஒரு கிளாஸ எடுத்துக் குடுத்தாங்க. அதுக்கப்புறம் நான் எந்த இன்டர்வியூவுக்கும் போகல."

பாயிஸுக்கு இது தெரியாது. பெயர் ஒன்றை எடுத்ததாகத்தான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். அந்த இடத்தில் அவரை ஒரு பொய்க்காரியாக நிறுத்திவிட்டு வந்ததாக ஒரு நாளும் நினைக்கவில்லை. தேநீர் ஆறி ஆடை படர்ந்திருந்தது. அதைக் குடித்து முடித்தார். குடிக்காமல் வைத்துவிட்டுப் போவது இன்னும் மரியாதைக் குறைவாகப் பட்டது.

குழுவுக்கு எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றார். எழுதுங்க, ஆனால் அனுப்ப முன் எனக்குக் காட்டுங்க என்றார் கஜலட்சுமி. போன முறை காட்டவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து பாயிஸ் கடிதத்தை எழுதினார். ஒரு பக்கம். நல்ல ஆங்கிலம். மாலையில் கஜலட்சுமிக்கு அனுப்பினார். கால் மணித்தியாலத்தில் ஃபோன் வந்தது.

"நானா, மூணாவது வரியில என் பேர சேர்க்க மறந்துட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"ஓ."

"மறக்கல தானே?"

பாயிஸ் திரையைப் பார்த்தார். அந்தச் சொல்லைத் தான் எழுதியதே அவர் நினைவில் இல்லை. விரல்கள் தாமாகவே அங்கே போயிருந்தன. "மறக்கல்ல," என்றார்.

"அப்ப அத மாத்துங்க. அந்த வயசுல தெரியாம செஞ்சதுன்னு கீழ ஒண்ணு இருக்கு. அதையும் எடுத்துருங்க. உங்களுக்கு முப்பத்து மூணு வயசு நானா அப்ப."

குரலில் கோபமில்லை. ஒரு மாணவனின் பயிற்சிக் கொப்பியைத் திருத்தும் குரல். பாயிஸ் ஃபோனைக் காதில் வைத்தபடியே இரண்டையும் மாற்றி வாசித்துக் காட்டினார். இந்தத் திருத்தத்தைக் கஜலட்சுமி எழுதினார். நான் வேண்டுமென்றே அவருடைய பெயரையும் விளக்கத்தையும் நீக்கிவிட்டு என் பெயரில் அனுப்பினேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் பரிசோதனை செய்ததாகப் பொய் சொன்னேன். பிறகு அந்த எண்ணின் உண்மையான கதை. இப்போது சரி என்றார் கஜலட்சுமி. டோலைன் பாவிப்பவர்களும் வாசிக்கும் குழுவின் பொது முகவரிக்குப் பாயிஸ் அனுப்பினார்.

ஒரு நாள் முழுவதும் யாரும் பதில் எழுதவில்லை. அந்த ஒரு நாளில் பாயிஸ் கீழே கடைக்கு இறங்கவேயில்லை. அடுத்த நாள் பிரேசில்காரர் எழுதினார். நீ மாற்றாதே மாற்றாதே என்று எங்களுக்குப் பாடம் நடத்திய ஒவ்வொரு கடிதமும் என்னிடம் இருக்கிறது என்ற ஒரே ஒரு வரி. வேறொருவர், இப்படிப்பட்டவரைப் பராமரிப்பாளராக வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனக்கும் அதற்குப் பதில் தெரியாது என்று பாயிஸ் எழுதி, ப்ரோகிராமை மாற்றுவதற்குத் தனக்கிருந்த அனுமதிகளை எடுத்துவிடும்படி தானே கேட்டுக்கொண்டார். இங்கர் அவற்றை எடுத்தார். அவருடைய கடிதம் சுருக்கம்: பதிவேட்டில் கஜலட்சுமியின் பெயர் திருத்தப்பட்டுவிட்டது, பழைய பதிப்பின் நன்றி அறிவிப்பிலும் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டுள்ளது, பாயிஸ் விரும்பினால் திட்டத்தில் வேலை செய்யலாம், ஆனால் இனி எதையும் இன்னொருவர் பார்த்த பிறகுதான் சேர்ப்போம். வேலை தந்த கம்பனி ஒரு முறை கூப்பிட்டுப் பேசியது. வேலை போகவில்லை. குழுத் தலைவராக உயர்த்துவதாக இருந்த பேச்சு மட்டும் அதற்குப் பிறகு எழவில்லை.

ஸனாவிடம் அவரே சொன்னார். பதினான்கு வயது. அவள் கேட்டுவிட்டு, ஸ்கூலில் உங்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதினேன் வாப்பா என்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நாள் சாப்பாட்டு மேசையில் அவரைப் பார்க்காமல் சாப்பிட்டாள்.

இங்கர் கஜலட்சுமிக்குத் தனியாக எழுதி, திட்டக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். அடுத்த புதன்கிழமை ஸ்கூல் கொம்பியூட்டர் அறையிலிருந்து அவர் திரையில் வந்தார். பின்னால் கரும்பலகையில் யாரோ எழுதிய இரும எண்கள். ஆங்கிலத்தை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசினார். அந்த எண்ணைத் தூக்கிவிடுங்கள் என்றார். டோலைன் தானே ஒவ்வொரு சேர்வரையும் ஒரு வாரம் கவனித்து, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துத் தன் காத்திருப்பைத் தீர்மானிக்கட்டும். அன்று தன்னிடம் கொப்பியும் பேனையும்தான் இருந்தன, இப்போது அதைச் செய்ய ப்ரோகிராமுக்கே முடியும் என்றார். இங்கர் அதைத் திட்டத்தின் முதல் வேலையாக எழுதினார். பிறகு, சேர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் பழைய செய்தி அமைப்பை இன்னும் இரண்டு வருடம் வைத்திருக்கலாம் என்று பாயிஸ் முன்வைத்திருந்த யோசனை வந்தது. அது தேவையில்லை என்று கஜலட்சுமி மறுத்தார். காரணங்களையும் சொன்னார். காரணங்கள் சரியாக இருந்தன. பாயிஸ் தன் யோசனையை வாபஸ் வாங்கினார்.

பராமரிப்பாளராக வரும்படி கேட்டதற்குக் கஜலட்சுமி மறுத்துவிட்டார். தவணைப் பரீட்சை இருக்கிறது, வீட்டில் அம்மா இருக்கிறார், ஆகவே தன்னிடம் கேட்பவற்றுக்குப் பதில் சொல்வதாகவும் அந்த ஒரு பகுதியை எழுதித் தருவதாகவும் மட்டும் ஒத்துக்கொண்டார். அவர் எழுதி அனுப்பும் ஒவ்வொரு ஃபைலிலும் விளக்க வரிகள் அதிகம். பாயிஸ் அவற்றைப் பரிசோதித்து, பிழை இருந்தால் சொல்லும் வேலையைச் செய்தார். பெரும்பாலும் இருக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் ஜஹானாவின் சொந்தத்தில் ஒரு கலியாணம், அக்குறணையில். ஆண்கள் பகுதியில் சோறு குவித்த ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தார்கள். பாயிஸுக்கு எதிரே மாப்பிள்ளையின் மாமா, ஹுஸைன் ஹாஜியார். கொழும்பில் துணிக்கடை வைத்திருப்பவர். சோற்றில் கை வைத்ததும் அவர் மற்றவர்களுக்குப் பாயிஸை அறிமுகப்படுத்தினார். உலகம் பூராவும் ஓடுகிற ப்ரோகிராமை எழுதினவர், எங்கள் குடும்பத்துக்கே பெருமை என்றார்.

அது நான் எழுதினது இல்லை, வேறு ஒருவர் எழுதினது என்றார் பாயிஸ்.

ஹாஜியார் சிரித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார். பார்த்தீர்களா, பெரிய ஆட்கள் இப்படித்தான், தாங்கள் செய்ததைத் தாங்கள் என்று சொல்லமாட்டார்கள் என்றார். மற்ற நால்வரும் மதிப்போடு தலையாட்டினார்கள். பாயிஸுக்கு உண்மையைச் சொல்வதிலும் ஒரு லாபம் வருகிறதே என்று உடம்பு கூசியது. அதை விட்டுவிட்டுச் சாப்பிட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

"இல்ல ஹாஜியார்," என்றார். "ஹுன்னஸ்கிரியவில ஒரு டீச்சர் எழுதினது. அவங்கட பேர அழிச்சிட்டு நான் என்ட பேரப் போட்டேன். களவு."

ஆறு பேரும் ஒரே தட்டைச் சுற்றி இருந்தார்கள். எழுந்து போகவும் முடியாது, திரும்பிக்கொள்ளவும் முடியாது. ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தார். ஹாஜியார் எதையோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர்க் கோப்பையைத் தேடினார். பாயிஸின் கை சோற்றில் அப்படியே இருந்தது.

பிறகு, பக்கத்தில் இருந்த, பெயர் தெரியாத ஒரு வயதானவர் கோழியில் ஒரு துண்டைப் பிய்த்துப் பாயிஸின் பக்கத்துச் சோற்றின் மேல் வைத்தார். சஹனில் சாப்பிடும்போது எல்லோரும் செய்கிறதுதான். தான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வைத்தாரா, காதில் விழாமலே வைத்தாரா என்று பாயிஸுக்குத் தெரியவில்லை. தலையை நிமிர்த்தாமல் அதை எடுத்துச் சாப்பிட்டார்.